நட்சத்திரச் சின்னமும் நில வழக்குகளும்

ஓர் அரசியல் கட்சியின் ஜில்லா காரியதரிசியாகவும் அதே ஜில்லாக் கோர்ட்டில் வக்கீலாகவும் இருக்கும் ஒருவனுடைய வாழ்க்கை மேடைகளிலும் மாலைகளிலும் கழிகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவது இயல்பே. உண்மையில் அவனுடைய காலத்தின் பெரும்பகுதி, வாக்காளர் பட்டியலில் விட்டுப்போன பெயர்களுக்கு மனு எழுதுவதிலும், ஒலிபெருக்கி வைக்கப் போலீசாரிடம் அனுமதி கேட்பதிலும், கட்சியில் சேர வந்ததாகச் சொல்லிக்கொண்டு பட்டா மாற்றத்துக்கு வழி கேட்க வந்த விவசாயியின் பழைய பத்திரங்களைப் பிரித்துப் படிப்பதிலும் போய்விடுகிறது. 1958இல் செங்கற்பட்டில் தொழில் தொடங்கிய நான், மறு ஆண்டே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் சேர்ந்து, 1974இல் அது வேறொரு கட்சியோடு இணைந்து மறையும் வரையில் அதன் ஜில்லா வேலைகளைக் கவனித்து, அதற்குப் பின் எந்தக் கட்சியிலும் சேராமல் முதுமை வரையில் நில வழக்குகளையே நடத்தியவன். இப்போது எண்பதைக் கடந்துவிட்ட படியால், யாருக்கும் மனத்தாங்கல் ஏற்படும் என்ற அச்சமின்றி, நான் கண்டவற்றைச் சொல்லலாம்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணையே நாட்டின் வருங்கால விவசாய அமைப்பு என்று தீர்மானித்த செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, எங்கள் ஜில்லாவில் அது உண்டாக்கிய கலக்கத்தை இன்றைய வாசகர்கள் ஊகிப்பது கடினம். செங்கற்பட்டுச் சீமையில் நிலத்தின் மீதான பாத்தியம் என்பது தலைமுறை தலைமுறையாக வாதிக்கப்பட்டு வந்த விஷயம். ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் 1763இல் ஜாகீராகப் பெற்ற பிரதேசம் இது. மிராசுரிமை யாருக்கு, எத்தன்மையது என்று சர்க்கார் கேட்ட பதினேழு கேள்விகளுக்குச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை விடையெழுதியதே இந்நாட்டு நிலவுரிமை இலக்கியத்தின் முக்கியமான ஏடுகளுள் ஒன்று. அத்தகைய மண்ணில், இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு துண்டுப் புஞ்சையும் உடையவன்கூட, தன் வரப்பை அழித்துவிடுவார்கள் என்று மெய்யாகவே நம்பினான். அவ்வாண்டு ஜூன் 4ஆம் தேதி சென்னையில் புதுக் கட்சி அறிவிக்கப்பட்டபோது, அதன் தலைவராக வந்தவர் குண்டூர் விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா என்பதும், அதன் உயிர்நாடியாக நின்றவர் எண்பது வயதான ராஜாஜி என்பதும் என் போன்ற இளைஞர்களைக் கவர்ந்தன. பதவிகள் அனைத்தையும் வகித்து முடித்த ஒரு முதியவர், தாம் வளர்த்த ஸ்தாபனத்துக்கு எதிராகவே மறுபடியும் தெருவில் இறங்குகிறார் என்பது சாமானியமான காரியமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ராஜாஜியின் பேச்சை முதல்முறை கேட்டவர்கள் ஏமாற்றமடைவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அடுக்குமொழிக்குப் பழகியவர்கள். காஞ்சிபுரம் தந்த அண்ணாதுரையின் சொற்பெருக்கைக் கேட்டுவிட்டு, மெல்லிய குரலில், ஒரு சிறு கதையைச் சொல்லி, அதிலிருந்து ஒரு நியாயத்தைப் பிரித்துக் காட்டி, கைதட்டலுக்கு இடம் வைக்காமல் முடித்துவிடுகிற அவரைக் கேட்பதென்றால், கேட்பவனுக்கே ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. ஆனால் சேலத்தில் வக்கீலாகப் பெயரெடுத்தவருடைய பேச்சு அது என்பது எனக்கு உடனே விளங்கிற்று. ஜட்ஜுக்கு முன்னால் நிற்பவன் முதலில் சங்கதியைச் சுருக்கிச் சொல்வான். தீர்மானத்தை ஜட்ஜின் வாயிலிருந்தே வரவழைப்பான். அந்த முறையை அவர் பொதுக்கூட்டத்திலும் கைவிடவில்லை.

கட்சியின் அஸ்திவாரமாக 21 கொள்கைகள் அச்சிட்டுத் தரப்பட்டன. அவற்றுக்குப் புறம்பான எந்த விஷயத்திலும் அங்கத்தினர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்பது எங்கள் பெருமை. டில்லியில் மினூ மஸானியைப் போன்ற கட்சித் தலைவர்கள் கையில் அது அழகாகத்தான் இருந்தது. தாலுகாவில் அதன் பலன் வேறாக இருந்தது. மதுவிலக்கு வேண்டும் என்று ஒருவர் பேசி அமர்ந்தவுடன், அதே மேடையில் இன்னொருவர் அது தனி மனிதனின் விவகாரம் என்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, இவர்கள் வந்தால் கடை திறக்குமா மூடுமா என்பது கடைசிவரை தெரியாது. வாக்காளன் ஒரு கட்சியிடம் எதிர்பார்ப்பது முதலில் நிச்சயத்தை. சுதந்திரத்தை அதற்குப் பின்னால்தான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஆட்களில் இருந்தது. திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு அந்நாளில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு படிப்பகம் இருந்தது. கீற்றுக் கொட்டகையில் இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, ஒருவன் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். முடிதிருத்தும் கடையும் தேநீர்க் கடையும் அவர்களுக்குக் காரியாலயங்கள். எங்களுக்கோ ரைஸ் மில் முதலாளியின் வீட்டுத் திண்ணையும், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தரின் முன்னறையும்தான். கூட்டத்துக்கு நாற்காலிகள் கேட்டால் உடனே வரும். சுவரில் எங்கள் சின்னமான நட்சத்திரம் வரைய ஓர் ஆள் கேட்டால் கிடைப்பதில்லை. முன் வரிசையில் அமர்ந்தவர்களின் நிலக் கணக்கை ஊரார் மனப்பாடமாக அறிந்திருந்த படியால், நாங்கள் மேடையில் எதைச் சொன்னாலும் அவர்கள் அந்த முன் வரிசையைப் பார்த்துத்தான் அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்கள்.

மதுராந்தகத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் நடந்த கூட்டம் நினைவுக்கு வருகிறது. சர்க்கார் எல்லாவற்றிலும் தலையிடக் கூடாது, ஜனங்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டும் என்று நான் விஸ்தாரமாகப் பேசி முடித்ததும், பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “வக்கீலய்யா சொல்றது நல்லாத்தான் இருக்கு. சர்க்கார் வேணாம்னா, எங்க ஏரி மதகை யாரு பாக்கிறது?” என்று கேட்டார். கேள்வியில் பரிகாசம் இல்லை. 1790களில் கலெக்டராயிருந்த பிளேஸ் துரை பழுது பார்த்த பெரிய ஏரி அவர்களுக்கு அண்மையில்தான் இருக்கிறது. அவ்வேரியின் கரையை ஸ்ரீராமரே காத்து நின்றார் என்று கோயிலில் இன்றும் கதை சொல்கிறார்கள். கரையை உயர்த்துவதும், கலங்கலைச் சீர்செய்வதும், வரத்துக் கால்வாயில் மண்டிய புதரை வெட்டுவதும் ஒரு காலத்தில் ஊரின் கடமை; குடிமராமத்து என்ற பெயரில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். 1858இல் அதற்கெனச் சட்டமே செய்தார்கள் என்றால், அதற்குள்ளாகவே வழக்கம் தளர்ந்துவிட்டது என்றுதான் பொருள். நான் பேசிய நாளில் அது பெயரளவில்கூட இல்லை. பழைய ஏற்பாட்டைப் போற்றுவதாகச் சொல்லும் கட்சி, அந்த ஏற்பாட்டை மறுபடியும் நடத்திக் காட்டுவதற்கு ஒரு மண்வெட்டியையாவது தூக்கியிருக்க வேண்டும். பெரியவருடைய கேள்வியை மேலிடத்துக்கு எழுதினேன்; பொருளாதாரக் கொள்கை விளக்கப் பிரசுரங்கள் ஒரு கட்டு தபாலில் வந்தன.

ஆயினும் எங்கள் வாதத்தில் சத்து இல்லாமல் இல்லை என்பதைக் கோர்ட்டே எனக்கு அடிக்கடி காட்டிற்று. ராஜாஜி ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா’ ராஜ்யம் என்று கண்டித்தது பம்பாய் மில் முதலாளிகளின் குறையை மனத்தில் வைத்துத்தான் என்று சொல்பவர்கள், அறுபதுகளின் மத்தியில் நெல் நடமாட்டக் கட்டுப்பாட்டின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் நின்றவர்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். மகளுக்குத் தலைப்பிரசவம் என்று சில மூட்டை நெல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஜில்லா எல்லையைத் தாண்டிய ஒரு குடியானவர், சோதனைச்சாவடியில் பிடிபட்டு, நெல்லும் வண்டியும் பறிமுதலாகி, கள்ளக் கடத்தல்காரர் என்ற பட்டத்தோடு என்னிடம் வந்தார். அத்தியாவசியப் பொருள் சட்டம் 1955இல் வந்தது. அதன் கீழ் பிறந்த உத்தரவுகள் எத்தனை, எந்தத் தேதியில் எது திருத்தப்பட்டது என்பது எனக்கே கெஜட்டைப் புரட்டினாலன்றித் தெரியாத நிலையில், தம் வயலில் விளைந்ததைத் தம் மகளுக்குக் கொண்டுபோகப் பர்மிட் வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சோதனைச்சாவடி இருந்த இடமே எல்லைக்குள் வருகிறதா என்ற சந்தேகத்தைக் கிளப்பி அவரை விடுவித்தேன். வண்டி திரும்பிற்று, மாடுகள் தீனியின்றி எலும்பாகியிருந்தன. தாசில்தாரிடம் பர்மிட் வாங்கும் வழி தெரிந்த பெரிய வியாபாரியின் லாரி மட்டும் அதே சாவடியை இரவு தவறாமல் தாண்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாடு எளியவனைக் காக்கும் என்பது புத்தகத்தில். நடைமுறையில் கட்டுப்பாட்டை அறிந்தவனையே அது காத்தது.

நில உச்சவரம்பு விவகாரம் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காட்டிற்று. 1961ஆம் ஆண்டுச் சென்னை நிலச்சீர்திருத்தச் சட்டம், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டி, 1960 ஏப்ரல் 6 என்ற தேதியைக் கணக்கின் தொடக்கமாக வைத்தது. அவ்வளவுதான், அத்தேதிக்கு முன்னால் நடந்ததாகப் பாகப்பிரிவினைகள் திடீரென்று ஜில்லாவெங்கும் கிளம்பின. எங்கள் கூட்டங்களில் ‘தர்மத்தின் ஆட்சி’ பற்றிப் பேசுவதில் வல்லவரான ஒரு மிராசுதார், பழைய முத்திரைத்தாள் தம்மிடம் இருப்பதாகவும், நான் வாசகத்தை மட்டும் எழுதித் தந்தால் போதும் என்றும் சொன்னார். முடியாது என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு வேறொரு வக்கீலிடம் போனார்; கட்சிக்கு அளித்துவந்த சந்தாவும் அதோடு நின்றது. சொத்துரிமை என்பது சர்க்கார் பத்திரத்தை மதிக்க வேண்டும் என்ற கோரிக்கை. அந்தப் பத்திரத்தையே பொய்யாக்குபவன் அந்த உரிமையை எந்த முகத்தோடு கேட்பது?

சட்ட மன்றத்தில் தோற்ற சொத்துரிமை வாதம் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது என்பதும் உண்மை. ரயத்துவாரி நிலம் ‘எஸ்டேட்’ ஆகாது என்று கேரள வழக்கொன்றில் 1961 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அதைப் பின்பற்றி, கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் 1964 மார்ச்சில் எங்கள் ராஜ்யத்துச் சட்டமும் செல்லாது என்று ஆயிற்று. ஜில்லா கோர்ட்டு வக்கீல்கள் சங்கத்தில் அன்று இனிப்பு வழங்கியவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்குள் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தின் பதினேழாவது திருத்தத்தை நிறைவேற்றி, ‘எஸ்டேட்’ என்பதற்கு ரயத்துவாரி நிலத்தையும் சேர்த்து வியாக்கியானம் செய்து, சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிவிட்டது. அந்தத் திருத்தத்தை எதிர்த்து ராஜாஜி எழுதியவையும் பேசியவையும் நியாயத்தில் குறைந்தவையல்ல. தன் சுயார்ஜித நிலத்தைத் தானே உழுபவனும் ஜமீன்தாரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டது அபாயம்தான். ஆனால் ஊரில் நாங்கள் அதை விளக்கப் போனபோது, உழுபவன் வரவில்லை. முன் வரிசைதான் வந்தது.

1967 தேர்தலை நான் மறக்க முடியாது. அரிசிப் பஞ்சமும் 1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் சேர்ந்து காங்கிரஸின் வேரை அறுத்திருந்தன. ராஜாஜி, தம்மை ஆயுள் முழுதும் எதிர்த்த இயக்கத்திலிருந்து பிறந்த கட்சியோடு கைகோத்தார். செங்கற்பட்டு நாடாளுமன்றத் தொகுதியில் எங்கள் நட்சத்திரம் இல்லை; நாங்கள் கழகத்தின் உதயசூரியனுக்கு வாக்குக் கேட்டோம். முன்பு எங்களைக் கண்டால் பாதை மாறிப் போன கழகத் தோழர்கள், “வாங்க வக்கீல் சார்” என்று அழைத்துச் சேரிக்குள் கூட்டிப் போனார்கள். அந்தத் தெருக்கள் பலவற்றில் நான் நுழைந்தது அதுவே முதல் முறை. முதலமைச்சர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். ராஜ்யத்தில் எங்களுக்குச் சட்டசபையில் 20 இடங்கள் கிடைத்தன. நாடெங்கும் 44 இடங்களோடு லோக்சபையில் பெரிய எதிர்க்கட்சி நாங்களே. ஜில்லா காரியாலயத்துக்கு வாடகை பாக்கியில்லாமல் நடந்த காலம் அது.

வெற்றியின் ருசி நீடிக்கவில்லை. கழக ஆட்சி 1970இல் உச்சவரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது. 1971இல், மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயக் கூலிகளுக்கு அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டத்தை இயற்றிற்று. அவ்வாண்டே மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. 1937இல் சேலத்தில் அதைத் தொடங்கிவைத்த ராஜாஜி, கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிச் சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டதும் பயன்படவில்லை. கட்சிக்காரர்கள் மூன்றையும் ஒருங்கே கண்டித்தார்கள். எனக்கு நடுவிலுள்ள சட்டம் மட்டும் தனியாகத் தெரிந்தது. குடியிருப்பு மனை கிடைத்த ஒரு கூலித் தொழிலாளி, அந்தக் காகிதத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “இது செல்லுமாங்க ஐயா?” என்று என்னிடம் காட்டினார். செல்லும் என்றேன். தனி உடைமையே மனிதனுக்குத் தைரியம் தரும் என்று பன்னிரண்டு வருஷம் மேடையில் சொன்னவர்கள் நாங்கள். அந்த உடைமையை ஒருவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் எங்கள் எதிரிகள்.

அதன் பின் நடந்தவை விரைவாக நடந்தன. வங்கிகளைத் தேசியமயமாக்கியதை எதிர்த்துக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கில், பல்கிவாலா வாதாடி 1970 பிப்ரவரியில் வெற்றி பெற்றார்; ஜனங்களோ மறு வருஷத் தேர்தலில் எங்களை லோக்சபையில் 8 பேராகச் சுருக்கினார்கள். 1972ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் ராஜாஜி காலமானார். 1974இல் சரண்சிங்கின் பாரதீய லோகதளத்தில் கட்சி கரைந்தது. சென்னையில் நட்சத்திரச் சின்னத்தில் வென்ற டாக்டர் ஹண்டே போன்றவர்கள் பிற்காலத்தில் எம்.ஜி.ஆரோடு சேர்ந்து மந்திரியுமானார்கள். என் போன்ற தாலுகா மனிதர்கள் கோர்ட்டுக்குத் திரும்பினோம். விதியின் விசித்திரம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்த லோகதளம் 1977இல் ஜனதாக் கட்சியில் சேர்ந்தது, ஜனதா சர்க்கார் கொண்டுவந்த 44ஆவது திருத்தம்தான் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கி, 300-ஏ என்ற சாதாரண ஷரத்தாக்கிற்று. எங்கள் கொள்கையின் அடக்கச் சடங்கில் எங்கள் வாரிசுகளே தோள் கொடுத்தார்கள்.

கட்சி போனபின்தான் தொழில் எனக்கு விளங்கத் தொடங்கியது என்று சொல்லலாம். நில வழக்கின் உயிர் சட்டப் புத்தகத்தில் இல்லை. கிராமக் கணக்கில் இருக்கிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். சர்க்கார் ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது, அநியாயம் செய்த கர்ணங்களின் ஆதிக்கம் ஒழிந்ததென்று பலர் மகிழ்ந்தார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் எந்தப் பட்டாவுக்குப் பின்னால் எந்தக் குடும்பச் சண்டை இருக்கிறது, எந்த வரப்பு வெள்ளத்தில் நகர்ந்தது என்ற ஞாபகமும் அவர்களோடு போயிற்று. அதே காலத்தில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அண்ணன் பெயருக்குப் பதில் தம்பி பெயர், நஞ்சைக்குப் பதில் தரிசு, சொந்த நிலத்துக்குப் பதில் புறம்போக்கு என்று ஏறிய பிழைகள் அடுத்த இரண்டு தலைமுறை வக்கீல்களுக்குப் பிழைப்பளித்தன. ஆகவே இளம் வக்கீல்கள் என்னிடம் வரும்போது, தாய்ப்பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் பழைய செட்டில்மெண்டு ‘அ’ பதிவேட்டைப் பார், அதன் பின் யு.டி.ஆருக்கு முந்திய பட்டாவைப் பார், பின்னர் அந்த இடத்துக்கே போய் நின்று பார் என்பேன். கடைசியில் சொன்னதைச் செய்கிறவர்கள் குறைவு.

கடற்கரைப் பக்கம் என் வேலை பெருகியது கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் வந்த காலத்திலிருந்து. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சுற்றுப்புறம் வரையில் பனையும் சவுக்குமாக இருந்த மணற்பாங்கான பூமி அது. 1894ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டப்படி, நோட்டீஸ் தேதியையொட்டி அக்கம்பக்கத்தில் நடந்த கிரயங்களே விலைக்கு ஆதாரமாக இருந்தன. எங்கள் ஜனங்களோ முத்திரைச் செலவை மிச்சப்படுத்த, கொடுத்த விலையில் பாதியைக்கூடப் பத்திரத்தில் எழுதுவதில்லை. அப்படிக் குறைத்து எழுதிய பத்திரம்தான் பின்னாளில் ஊரின் மொத்த நிலத்துக்கும் விலை நிர்ணயிக்கும் சாட்சியாக வந்து நிற்கும். இன்னொரு விஷயம்: தீர்வுத் தொகையை வாங்கும்போது ‘ஆட்சேபத்துக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது; எழுதாதவன் கூடுதல் தொகை கேட்டுச் சப் கோர்ட்டுக்குப் போகும் பாத்தியதையை இழந்தான். தீர்வு வாசித்தபோது ஆஜராயிருந்தவனுக்கு அதற்குக் கெடு ஆறே வாரமாக இருந்தது. இந்த இரண்டு விஷயங்களை ஊர் ஊராகப் போய்ச் சொன்னதைவிட உபயோகமான அரசியல் எதையும் நான் செய்ததாக எனக்கு நினைவில்லை. கட்டாயமாக எடுப்பதற்கான ஆறுதல் தொகை நூற்றுக்குப் பதினைந்து என்றிருந்தது 1984இல் முப்பதாக உயர்ந்தது. 1982 ஏப்ரல் 30க்கு முன்பே தீர்வு முடிந்தவர்களுக்கு அதனால் பயனில்லை.

நிலம் உள்ளவனின் கதை இது. தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு, நெம்மேலி போன்ற மீனவர் குப்பங்களில் நிலைமை வேறு. படகு ஏற்றுகிற மணலும், வலை உலர்த்துகிற மேடும், கருவாடு காயவைக்கிற திட்டும் யாருடைய பட்டாவிலும் இல்லை. கணக்கில் அவை புறம்போக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, சென்னைப் பணம் மணலைத் தேடி வரத் தொடங்கியதும், குப்பத்துக்குப் பின்னால் ஒரு நாள் வேலி எழும். மறுநாள் கடலுக்குப் போகும் நடைபாதை அடைபடும். தலைமுறை தலைமுறையாக அனுபவித்த பாதையை நிரூபிக்க ஒரு காகிதமும் இராது. ஊர் முழுதுக்குமாகச் சிலர் பிரதிநிதிகளாக நின்று வழக்காடும் முறையைக் கையாண்டு, வழக்காற்று உரிமையை நிலைநாட்டுவதுதான் வழி. அதற்கு ஊர்ப் பெரியவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். நிலத்தின் எல்லையைக் கேட்டால் கடலிலுள்ள பாரையும் கோபுரத்தையும் அடையாளம் சொல்கிற மனிதரைக் குறுக்கு விசாரணையில் காப்பது எளிதல்ல. 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் கட்டடங்களுக்கு வரம்பு விதித்தபோது, சர்க்கார் கட்டுப்பாடு என்றாலே முகம் சுளித்துப் பழகிய நான், அதையே பிடித்துக்கொண்டு குப்பத்துக்காக வாதாடினேன்.

மாமல்லபுரத்து ஊருக்குள்ளோ அதற்கு எதிரான சங்கடம். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில், 1992இல் வந்த அறிவிப்பின்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பாறைக்குப் பாறை பல்லவர் சிற்பம் இருக்கும் ஊரில் இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒழுகுகிற கூரையை மாற்றவும் மனுப் போட வேண்டிய நிலைக்குக் குடியிருப்போரைத் தள்ளின. கடற்கரைக் கோயிலைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. காக்கும் செலவு முழுவதையும் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் வைப்பதுதான் நியாயமா என்பதே கேள்வி. அந்த மனுக்களை எழுதும்போதெல்லாம் ராஜாஜியின் பர்மிட் ராஜ்யம் எனக்கு ஞாபகம் வரும்.

இவை எல்லாவற்றையும்விட என் அபிப்பிராயங்களை உலுக்கியது பஞ்சமி நில விவகாரம். 1891இல் செங்கற்பட்டு ஜில்லாவின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் சமூகம் நிலமற்று, மனைக்கும் மிராசுதாரின் தயவை எதிர்பார்த்து வாழ்வதை விவரித்து அறிக்கை எழுதினார். அதன் விளைவாக மறு வருஷம் முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது; அதுவே பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. பிறகும் அதே வகுப்பாருக்கன்றி மற்றவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் கடனுக்கும் மிரட்டலுக்கும் பிறர் கைக்குப் போன விதத்தை என் அலமாரிக் கட்டுகளே சொல்லும். மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள காரணை கிராமத்துப் பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரி, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டார்கள். அவர்கள் கேட்டது புதுமையான உரிமை எதுவும் இல்லை. சர்க்கார் தன் முத்திரையிட்டுக் கொடுத்த பத்திரத்தைச் சர்க்காரே மதிக்க வேண்டும் என்பதைத்தான் கேட்டார்கள். நான் விநியோகித்த சுதந்திராக் கட்சிப் பிரசுரங்களில் இருந்த வாசகமும் அதுவே.

1894ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2013இல் இயற்றப்பட்ட புதுச் சட்டத்தால் 2014 ஜனவரியில் மறைந்தது. நிலம் இழப்பவனுடைய சம்மதம், அவனுடைய மறுவாழ்வு என்பவை சட்டத்தில் இப்போது இடம்பெற்றிருக்கின்றன. இவற்றை வாங்கித் தந்தவர்கள் பழமைவாதிகள் அல்லர்; நிலம் பறிபோன ஜனங்கள் நடத்திய போராட்டங்களே. பழமையைக் காப்பது என்ற கொள்கையில் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு: ஏரிக்கரையையும் கிராமக் கணக்கையும் கொடுத்த வாக்கையும் காப்பதே அதன் உண்மையான வேலை. நாங்கள் உடையவர்களைக் காக்கப் புறப்பட்டு, உடைமையைக் கைவிட்டோம். அதனால்தான் கட்சி பதினைந்து வருஷத்தில் முடிந்தது என்பது என் தீர்மானம். இனி ஒருவர் அதே கொள்கையோடு ஒரு கட்சியைத் தொடங்குவாரானால், அவருக்கு நான் சொல்வது இதுதான்: மாநாட்டுப் பந்தலைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், முதலில் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்து, பட்டா இல்லாதவனுடைய மனுவை எழுதிக் கொடுங்கள்.